புரியுதுன்னு தலையாட்டினவள்

நீ அனுப்பின நோட்டீஸ் செவ்வாய்க்கிழமையே வந்துடுச்சு, கண்ணு. மஞ்சத் தாள்ல உன் போட்டோ நல்லா விழுந்திருக்கு, மீசையை மட்டும் கொஞ்சம் கத்திரிச்சிருக்கலாம். பதில் போட இத்தனை நாள் ஆச்சேன்னு, அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பயந்துக்காதே. உடம்புக்கு ஒண்ணுமில்ல. நான் வேலை பார்த்த அதே ஃபேக்டரியில விசாரணைக் கமிட்டிக்குத் தொழிலாளிங்க சார்பா நீ நிக்கறே, சந்தோஷம்தான். ஆனா நோட்டீசுல மேலேயே, கொட்டை எழுத்துல, 'நடுநிலை தவறாத தாயின் மகன்'னு போட்டிருக்கே. வர்ற ஞாயிறு போயி அடுத்த ஞாயிறு ஃபேக்டரி கேட்டு முன்னாடி கூட்டம், அதுல நான் வந்து ரெண்டு வார்த்தை பேசணும், பழைய ஆளுங்க என் முகத்தைப் பார்த்தாலே ஓட்டுப் போட்டுடுவாங்கன்னு எழுதியிருக்கே. நீ நெனைக்கற அந்த ரெண்டு வார்த்தையை என்னால பேச முடியாது. ஏன்னு சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை நீ மட்டும் படிக்கணும்னு இல்ல. உன்கூட நிக்கறவங்க, உன்னை எதிர்த்து நிக்கறவரு, யாருக்கு வேணும்னாலும் குடு. இத்தனை வருசம் மூடி வெச்சது போதும்னு இருக்கு எனக்கு.

நான் ஜெயிச்ச எலக்‌ஷன் உனக்கு லேசா நினைவிருக்கும். நீ அப்போ நாலாவது படிச்சுக்கிட்டிருந்தே. உங்கப்பா ஓசூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட இருந்த பேக்கரியில கேக் வாங்கிட்டு வந்தாரு, நீ அதுல இருந்த சிவப்புப் பூவை மட்டும் தோண்டித் தின்னுட்டு மீதியை வெச்சுட்டே. அந்தக் கமிட்டி எதுக்குன்னு உனக்கு அப்போ யாரும் சொல்லல. எங்க கம்பெனியில சின்னச் சின்னப் பல்சக்கரம் செய்வாங்க, உனக்குத் தெரியும். அதுக்கு முந்தின வருசம் வரைக்கும் யார் மேல புகார் வந்தாலும் ஆபீசர் ஒருத்தரே விசாரிப்பாரு, அவரே வேலையை விட்டுத் தூக்குவாரு. சண்டை போட்டு, கேட்டுல உக்காந்து, கடைசியில ஒரு ஒப்பந்தம் வந்துச்சு. இனிமே ஆபீசர் ஒருத்தர், தொழிலாளிங்க ஓட்டுப் போட்டு அனுப்பற ஆள் ஒருத்தர், ரெண்டு பேரும் உக்காந்து விசாரிக்கணும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் ஒருத்தரை வேலையிலிருந்து நிறுத்த முடியும். அந்தக் கையெழுத்துக்காகத்தான் எலக்‌ஷன். எங்களுக்கு அது கோர்ட்டு மாதிரி, ஜட்ஜு மாதிரி.

யார் நிக்கலாம்னு போர்டுல ஒட்டியிருந்தாங்க. அஞ்சு வருசம் சர்வீஸ் இருக்கணும், மெமோ வாங்கியிருக்கக் கூடாது, எழுதப் படிக்கத் தெரியணும். கடைசியா ஒண்ணு, 'தொழிலாளர்கள் பேசும் மொழிகளைப் புரிந்துகொள்பவராக இருத்தல் வேண்டும்.' அது ரொம்ப முக்கியம். எங்க ஷெட்டுல தளியிலிருந்து வர்றவங்க கன்னடம், பாகலூர்க்காரங்க தெலுங்கு, என்னை மாதிரி ஊத்தங்கரை, தருமபுரிப் பக்கத்துலேருந்து போனவங்க தமிழு. எல்லாருக்கும் எல்லாம் அரைகுறையாத் தெரியும். சோறு வாங்க, பஸ்ஸுல எடம் கேக்க, திட்ட, சிரிக்க அது போதும். எது நமக்குத் தெரியும், எது தெரியாதுன்னு யாரும் நின்னு பார்த்ததே இல்ல. புரியலைன்னா தலையை ஆட்டிட்டுச் சிரிச்சுடுவோம். அங்க எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு, எனக்குக் கொஞ்சம் கூடவே உண்டு.

என்னை எதிர்த்து நின்னது ரத்தினம்மா. பாகலூர்க்காரி. நீ பார்த்திருக்கே, ஒரு தடவை உனக்கு வேர்க்கடலை குடுத்தா. வீட்டுல தெலுங்கு, சந்தையில கன்னடம், ஃபேக்டரியில தமிழு, மூணையும் அந்தந்தப் பாஷைக்காரங்க மாதிரியே பேசுவா. எட்டாவதுதான் படிச்சிருந்தா. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு லீவ் லெட்டரெல்லாம் எங்கிட்டதான் எழுத வருவாங்க. எனக்கு வாய் ஜாஸ்தி, கோபமும் ஜாஸ்தி, அதை நீயும் உங்கப்பாவும் நல்லாவே அனுபவிச்சிருக்கீங்க. எட்டாவது படிச்சவகிட்ட தோக்கறதான்னு எனக்கு உள்ளுக்குள்ள எரிஞ்சுது. ஓட்டு அவளுக்குத்தான் விழும்னு பேச்சு இருந்துச்சு, அவகிட்ட எல்லாரும் எல்லாத்தையும் சொல்லுவாங்க.

அப்போ நான் ஒரு காரியம் செஞ்சேன். கேண்டீன்ல தட்டைக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பெஞ்சாப் போய், 'மூணு பாஷை பேசறவ மூணு பக்கமும் பேசுவா, அவளை எப்படி நடுவுல உக்கார வைக்கிறது'ன்னு சொன்னேன். கேட்டவங்க சிரிச்சாங்க. ரெண்டு நாள்ல அது ஷெட்டு முழுக்கப் பரவிடுச்சு, அவளே ஒரு நாள் எங்கிட்ட வந்து, "நல்லா இருக்குக்கா நீ கட்டிவுட்ட பேச்சு"ன்னா. கோபமாக்கூடச் சொல்லல. அவளுக்கு எது பெரிய தகுதியோ அதையே குத்தமாக்கிட்டேன். அவ யார் பக்கமும் சாய மாட்டான்னு எனக்கு நல்லாவே தெரியும்.

ஓட்டுப் போடறதுக்கு முந்தின நாள் தளிக்காரங்க ரெண்டு பேரு, "உங்களுக்குக் கன்னடம் வருமாக்கா? நாங்க சொன்னா புரியுமா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. நியாயமான கேள்வி. நான் நிமிந்து நின்னுக்கிட்டு, "நனகெ கன்னடா சென்னாகி பருத்தே"ன்னேன். எனக்குக் கன்னடம் நல்லா வரும்னு அர்த்தம். அந்த ஒரு வரியை நான் பூ விக்கற அம்மாகிட்டக் கேட்டு நாலு நாளா மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். கை தட்டினாங்க. கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சேன். நீ அந்தக் கேக்கைத் தின்னே.

முதல் ரெண்டு கேசும் தமிழ்க்காரங்களோடது. நல்லாத்தான் செஞ்சேன்னு இப்பவும் சொல்லுவேன். மூணாவதாதான் புட்டம்மா வந்தா. தளிக்குப் பக்கத்துல ஒரு கிராமம். இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்ச ட்ரேக்களைப் பேக்கிங்குக்குத் தூக்கிட்டுப் போறதுதான் அவ வேலை. நல்ல சரக்குக்குப் பச்சைச் சீட்டு, கழிச்ச சரக்குக்குச் சிவப்புச் சீட்டு, ட்ரேயில தொங்கும். கழிச்ச சரக்கு நல்ல பெட்டியில போயி, வாங்கின கம்பெனிக்காரங்க ஒரு லோடையே திருப்பி அனுப்பிட்டாங்க. புட்டம்மாதான் சீட்டை மாத்தி மாட்டிட்டான்னு சூப்பர்வைசர் எழுதிக் குடுத்துட்டாரு. அந்த சூப்பர்வைசர் யாருன்னா, நம்ம ஊத்தங்கரைப் பக்கத்து ஆளு. ஊருக்கு வந்தா நம்ம வீட்டுல காப்பி குடிச்சுட்டுப் போவாரு. எனக்காகக் கேண்டீன்ல ஓட்டுக் கேட்டவரு. இதையெல்லாம் சொல்லி, 'இந்தக் கேசுல நான் உக்காரலைங்க'ன்னு நான் முதல்லயே எழுந்திருச்சிருக்கணும். அந்த நெனைப்பு வந்துச்சு, வரலைன்னு பொய் சொல்ல மாட்டேன். நம்மால நேர்மையா இருக்க முடியும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு உக்காந்தேன்.

விசாரணை ஆபீசர் ரூம்ல. அவரு மெட்ராஸ்காரரு. கன்னடம், தெலுங்கு ரெண்டும் சுத்தமாத் தெரியாது, அதைச் சொல்லிக்கறதுக்கு அவரு கூச்சப்படவும் இல்ல. புட்டம்மாவுக்கு வேலைக்கு வேண்டிய தமிழ் தெரியும். ஆனா அன்னிக்குப் பயத்துல அவளுக்குத் தமிழே வரல. முந்தானையைக் கையில சுத்திக்கிட்டு கன்னடத்துல பேச ஆரம்பிச்சா, நிறுத்தாம பேசினா. ஆபீசர் கையைக் காட்டி நிறுத்திட்டு என்னைக் கேட்டாரு. "அம்மா, எனக்கு இது சுத்தமாப் புரியல. உங்களுக்குப் புரியுதா? இல்லைன்னா அடுத்த ஷெட்டுல ரத்தினம்மா இருக்காங்களாமே, கூப்பிட்டு வெச்சுக்கலாம். ஒண்ணும் அவசரமில்ல."

கண்ணு, அந்த எடத்துலதான் என் வாழ்க்கையே நிக்குது. ரத்தினம்மாவைக் கூப்பிட்டா என்ன ஆகியிருக்கும்? அவ வந்து எனக்கும் அவருக்கும் நடுவுல நின்னு ஒவ்வொண்ணாச் சொல்லுவா. சாயங்காலம் ஷெட்டு முழுக்க, 'ஜெயிச்சவ உக்காந்திருந்தா, தோத்தவ வந்து வெளக்கம் சொன்னா'ன்னு பேசுவாங்க. அந்தக் கற்பனையே எனக்குத் தாங்கல. "வேண்டாம் சார். எனக்கு நல்லாப் புரியுது"ன்னேன். அவரு என்னை நம்பினாரு. புட்டம்மாவும் நம்பினா.

அவ மறுபடியும் பேசினா. எனக்கு என்ன புரிஞ்சுதுன்னு சொல்லட்டுமா? ட்ரே, ஷிஃப்ட், சூப்பர்வைசர், இந்த மூணும் புரிஞ்சுது. கெம்புன்னா சிவப்புன்னு தெரியும், அதுவும் ரெண்டு தடவை காதுல விழுந்துச்சு. மீதியை நானே கட்டிக்கிட்டேன். தான் செஞ்ச தப்பை சூப்பர்வைசர் தலையில கட்டப் பாக்கறா, அவ்ளோதான்னு முடிவு பண்ணிட்டேன். அந்த மனுசன் அப்படிச் செய்ய மாட்டாருன்னு எனக்கு முன்னாடியே முடிவாகியிருந்துச்சு இல்ல? அவ பேசப் பேச நான் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தேன். நடுவுல ஒரு எடத்துல என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டா, அதுக்கும் ஆட்டினேன். அவ முகத்துல அப்படி ஒரு தெளிவு வந்துச்சு. கும்பிடு போட்டுட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சுங்கற மாதிரி உக்காந்துட்டா. என்ன சொன்னாங்கன்னு ஆபீசர் கேட்டாரு. "சூப்பர்வைசர் மேல பழி போடறாங்க சார், சாட்சி ஒண்ணும் சொல்லல"ன்னேன். என் முத்து முத்தான கையெழுத்துல நானே எழுதினேன், ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மறு வாரம் புட்டம்மாவை வேலையிலிருந்து நிறுத்திட்டாங்க.

பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சு ரத்தினம்மா பஸ் ஸ்டாண்டுல என் பக்கத்துல வந்து நின்னா. "அக்கா, புட்டம்மா போறப்போ எங்கூட பஸ்ஸுல அழுதுக்கிட்டே வந்தா. ஷிஃப்ட் முடியறப்போ நல்ல சரக்குக் கணக்குப் பத்தலைன்னு சூப்பர்வைசரே சிவப்புச் சீட்டைக் கழட்டிட்டுப் பச்சையை மாட்டினாராம். இவ வேண்டாம்னு சொன்னாளாம். பார்ட்ஸ் கழுவற தொட்டிகிட்ட இருந்த பெரியவரு பார்த்தாராம். அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கன்னு உங்ககிட்டச் சொன்னாளாம், நீங்க சரின்னு தலையாட்டினீங்களாம். அப்புறம் ஏன்க்கா அவரைக் கூப்பிடல?"

நான் என்ன சொல்லியிருக்கணும்? 'எனக்குப் புரியலடி'ன்னு சொல்லியிருக்கணும். அன்னிக்குக் கூடத் தாமதமில்ல. தீர்ப்பு வந்து முப்பது நாளுக்குள்ள மறுபடியும் விசாரிக்கச் சொல்லிக் கேக்கலாம்னு ஒப்பந்தத்துலயே இருந்துச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாத்தையும் யோசிச்சுத்தான் செஞ்சோம், ரத்தினம்மா. உனக்கு உள் விவரம் தெரியாது." அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. அப்புறம் பாகலூர் பஸ் வந்துச்சு, ஏறிட்டா. என்னை அநியாயக்காரின்னு அவ நெனைக்கட்டும், ஒண்ணும் தெரியாதவன்னு மட்டும் நெனைச்சுடக் கூடாதுன்னு இருந்துச்சு எனக்கு. அப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளான்னு நீ கேப்பே. இருந்தேனே.

கழுவற தொட்டிகிட்டப் போயி அந்தப் பெரியவரைக் கேட்டேன், அதையும் சொல்லிடறேன். "ஆமாம்மா, பார்த்தேன். கூப்பிட்டிருந்தா வந்து சொல்லியிருப்பேன். நானா வந்து சொல்ல எனக்கு என்ன தைரியம்?"ன்னாரு. அப்போ இன்னும் ஒரு வாரம் மிச்சம் இருந்துச்சு. தினமும் ஒரு தாள் எடுத்து ஆபீசருக்கு எழுதுவேன், 'எனக்குக் கன்னடம் தெரியாது'ங்கற வரி வர்றப்போ கிழிச்சுப் போட்டுடுவேன். நீ பின்னாடி பக்கத்துல கணக்குப் போட்டுப் பார்க்கறதுக்கு அந்தக் கிழிஞ்ச காயிதத்தைக் கேப்பே, குடுக்க மாட்டேன், அடிச்சேன் கூட. எதுக்கு அடிச்சேன்னு உனக்குத் தெரிஞ்சிருக்காது. அந்த ஒரு வாரமும் போச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு தடவை போட்டியில்லாம என்னையே தேர்ந்தெடுத்தாங்க. ரத்தினம்மா நிக்கவே இல்ல. கன்னடக்காரங்க, தெலுங்குக்காரங்க கேசு வந்தா நான் லீவ் போட்டுடுவேன், எனக்குப் பதிலா வேற ஆளை உக்கார வெப்பாங்க, எப்படியோ ஓட்டினேன். அதைக்கூட, வேற பாஷைக்காரங்க கேசுல பாரபட்சம் வந்துடக் கூடாதுன்னு இந்தம்மா ஒதுங்கறாங்கன்னு மெச்சிக்கிட்டாங்க. நான் வேலையிலிருந்து நின்னப்போ ஒரு கேடயம் குடுத்தாங்க, 'நடுநிலை தவறாத'ன்னு பேர் வெட்டி. நீ அதை ஒவ்வொரு பொங்கலுக்கும் துணியால துடைச்சு மாட்டுவே. ஒரு தடவை கழட்டிப் பரண்ல போட்டுட்டேன், நீதான் சண்டை போட்டுத் திரும்ப மாட்டினே. உன் கையால அதைத் துடைக்கறதைப் பார்க்கறப்போ எல்லாம் எனக்கு உடம்பு கூசும். நான் ஊத்தங்கரைப் பக்கம் இந்தச் சாமல்பட்டிக்கே வந்து ஒதுங்கினதுக்கு உங்கப்பா போனது ஒரு காரணம்னா, ஓசூர் பஸ் ஸ்டாண்டுல யாரையாவது பார்த்துடுவேனோங்கற பயம் இன்னொரு காரணம்.

உன் நோட்டீஸ் வந்த மூணாவது நாள் கெளம்பித் தளிக்குப் போனேன். ஓசூர்லதான் பஸ் மாறினேன், உன் வீட்டுக்கு வரல, மன்னிச்சுக்கோ. தளியில பூ எடை போடற எடத்துல விசாரிச்சேன், அடையாளம் சொன்னாங்க. புட்டம்மா ஒரு ஷெட்டுல உக்காந்து ரோஜாவைக் கட்டுக் கட்டாப் பிரிச்சுக்கிட்டிருந்தா. தலை நரைச்சுடுச்சு, ஃபேக்டரியை விட்டதோட தமிழும் போயிடுச்சு போல. ஆனா என்னைப் பார்த்த உடனே தெரிஞ்சுக்கிட்டா. "கமிட்டி அம்மா"ன்னா. அப்புறம் கன்னடத்துல என்னமோ பேச ஆரம்பிச்சா. நம்பினா நம்பு, என் தலை தானா ஆட ஆரம்பிச்சுது. கையால கழுத்தைப் புடிச்சுக்கிட்டேன். "நனகெ கன்னடா பரல்ல"ன்னேன். கன்னடம் வராதுன்னு கன்னடத்துல சொல்றதுக்கு எனக்கு இத்தனை வருசம் ஆச்சு. மீதியைத் தமிழ்லதான் சொன்னேன். "இன்னிக்கும் வராது, அன்னிக்கும் வராது. நீ சொன்னது எனக்கு ஒண்ணுமே புரியல, புட்டம்மா. புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன்."

அவ மருமக பக்கத்துல இருந்தா, ஓசூர்ல பொறந்த பொண்ணு, அவ ஒவ்வொண்ணாக் கன்னடத்துல எடுத்துச் சொன்னா. புட்டம்மா பூவைப் பிரிக்கறதை நிறுத்தல. ஒரு முழுக் கட்டு முடிச்சு, ரப்பர் பேண்டு போட்டு வெச்சுட்டு, அப்புறம் மெதுவா ரெண்டு வாக்கியம் பேசினா. அந்தப் பொண்ணு தயங்கினா. சொல்லும்மா, எதுவா இருந்தாலும் சொல்லுன்னேன். "வேணும்னே செஞ்சீங்கன்னு நெனைச்சு இத்தனை வருசம் திட்டிக்கிட்டிருந்தாங்களாம். புரியலைன்னா, பக்கத்து ஷெட்டுலதானே ரத்தினம்மா இருந்தாங்க, ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேன்னு கேக்கறாங்க"ன்னா. புட்டம்மா மன்னிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல, அடுத்த கட்டை எடுத்துக்கிட்டா. நான் கெளம்பி வந்துட்டேன்.

இப்போ உன் நோட்டீசுக்கு வர்றேன். அந்த முதல் வரியை அடிச்சுடு. அது பொய். கேடயத்தைக் கழட்டிக் கூடத்துல சாத்தி வெச்சிருக்கேன், அதை நான் என்ன பண்ணுவேன்னு கேக்காதே. அப்புறம் நாலாவது வரி. 'தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மும்மொழியும் அறிந்தவர்'னு போட்டிருக்கே. அதைப் படிச்சப்போதான் எனக்குப் பயம் வந்துச்சு, முதல் வரியைப் படிச்சப்போ கூட இல்ல. உன் கன்னடம் பரவாயில்ல, நீ அங்கேயே வளந்தவன். உன் தெலுங்கு எவ்ளோன்னு எனக்குத் தெரியாதா? சினிமா பார்த்து வந்த தெலுங்கு. கல்யாணப் பத்திரிகை குடுக்க வந்த பாகலூர்க்காரர் பேசினப்போ நீ எப்படிச் சிரிச்சுக்கிட்டே நின்னேன்னு நான் சமையக்கட்டுலேருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தச் சிரிப்பு எங்கிட்டேருந்து வந்தது, சாமி.

கூட்டத்துக்கு நான் வரணும்னா வரேன். வந்தா இதைத்தான் படிப்பேன், முதல்லேருந்து கடைசி வரைக்கும். ஓட்டு குறையும், உன் ஆளுங்க உன்மேல கோச்சுப்பாங்க, பழைய ஆளுங்க யாராவது என் முகத்துக்கு நேரா காறித் துப்பினாலும் துப்பலாம். உனக்கு அது வேண்டாம்னு தோணினா ஒரு கார்டு போடு, நான் வருத்தப்பட மாட்டேன். உன்னை எதிர்த்து நிக்கறவரு எப்படிப்பட்டவருன்னு நீ எழுதல. அவருக்குத் தெலுங்கு நல்லாத் தெரியும்னா, யார் பக்கமும் சாயாதவருன்னா, கேண்டீன்ல அவரைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லாதே. தோத்தாலும் பரவாயில்ல, கேக்கு நான் வாங்கித் தரேன்.

நீ ஜெயிச்சுட்டேன்னு வெச்சுக்கோ. அந்த நாற்காலியில நீ உக்காந்திருப்பே, எதிர்ல யாரோ ஒரு பொம்பளை முந்தானையைச் சுத்திக்கிட்டு உனக்குத் தெரியாத பாஷையில பேசுவா. அப்போ எழுந்திரு. கதவைத் திறந்துக்கிட்டு வெளியே போ. அடுத்த ஷெட்டுல யார் இருக்காங்களோ, நீ தோக்கடிச்சவரே இருந்தாலும், அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடு. அவர் வந்து சேர்ற வரைக்கும் தலையை மட்டும் ஆட்டிடாதே.

அம்மா